இருபது வரை எண்ணுகிறான்; மூன்று கரண்டி கேட்டால் எடுத்துத் தரத் தெரியவில்லை

கேள்வி: திருப்பூர்த் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் ஆகிறது. கைப்பேசியில் வரும் எண் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஒன்றிலிருந்து இருபது வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் தடுமாறாமல் சொல்லப் பழகிவிட்டான். வீட்டுக்கு வரும் உறவினர்கள் எல்லாரும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டு மகிழ்வார்கள். இவனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்றே நாங்களும் நம்பியிருந்தோம்.

சென்ற வாரம் சாப்பாடு எடுத்து வைக்கும்போது, "தங்கம், மூன்று கரண்டி எடுத்து வா" என்றேன். கரண்டிக் கூடையிலிருந்து இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு வந்து நின்றான். அவற்றில் நான்கை மட்டும் தரையில் வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று பிழையில்லாமல் எண்ணினான். "அப்படியானால் எத்தனை கரண்டி இருக்கிறது?" என்று கேட்டதும் பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் எண்ணினான். நான்காம் முறை கேட்டபோது அழுதுவிட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒரு விளையாட்டுப் பள்ளிக்குச் சென்று வருகிறான். அங்கிருந்தும், "எண்களின் வடிவத்தை அடையாளம் காட்டத் தெரியவில்லை, வீட்டில் பயிற்சி கொடுங்கள்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். என் கணவர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே பிசிர் வெட்டும் வேலை செய்கிறேன். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பக்கத்தில் விட முடியாமல்தான் கைப்பேசியைக் கொடுத்துப் பழக்கினேன். அதனால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்ற எண்ணம் என்னை வாட்டுகிறது. இனிமேல் எண்கள் கற்பதற்காகக் கைப்பேசியைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பது தெரியவில்லை. வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே எண்ணவும், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வைக்கவும் எப்படி விளையாட்டாகச் சொல்லித் தருவது? வீட்டில் வெட்டுத் துணித் துண்டுகள் பல நிறங்களில் நிறையக் கிடக்கின்றன. அவை எதற்காவது உதவுமா? அவன் உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறானா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் என் மனம் ஆறும்.

மறுமொழி 1: மழலையர் வகுப்பு ஆசிரியை, கோவை

அன்புள்ள சகோதரி, உங்கள் மகன் பின்தங்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் நிகழ்ச்சியை என் வகுப்பில் பதினான்கு ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வருகிறேன். "எத்தனை?" என்று கேட்டால் மறுபடி எண்ணத் தொடங்குவது இந்த வயதுக் குழந்தையின் இயல்பு. "எத்தனை" என்ற சொல்லை "எண்ணிக் காட்டு" என்ற கட்டளையாகவே அவன் புரிந்துகொள்கிறான். தான் கடைசியாகச் சொன்ன "நான்கு" என்ற சொல் அந்தக் கடைசிக் கரண்டியின் பெயர் அல்ல, நான்கு கரண்டிகளுக்கும் சேர்த்துச் சொன்ன அளவு என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. நாம் மீண்டும் மீண்டும் கேட்டால், தான் எண்ணியது தவறு போலும் என்று நினைத்துத்தான் அழுகிறான்.

எண்ணுதல் என்பது நமக்கு ஒரே செயலாகத் தோன்றினாலும், அதற்குள் பல அறிவுகள் அடங்கியிருக்கின்றன. 1978இல் ரோச்சல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் அவற்றை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். எண்ணுப் பெயர்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்வது, ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டும் கொடுப்பது, கடைசிப் பெயரே மொத்த அளவு என்று அறிவது ஆகியவை முதல் மூன்று. எதை வேண்டுமானாலும் எண்ணலாம் என்பதும், எந்த முனையிலிருந்து எண்ணினாலும் அளவு மாறாது என்பதும் மற்ற இரண்டு. உங்கள் மகனுக்கு முதலாவது பாட்டிலிருந்து வந்துவிட்டது. இரண்டாவதும் நான்கு கரண்டி வரை வந்திருக்கிறது. மூன்றாவதுதான் எல்லாக் குழந்தைகளும் நெடுநாள் தங்கி நிற்கும் படி.

எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். காரென் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ நீங்கள் கரண்டியை வைத்துச் செய்த சோதனையேதான். பொம்மைகளைக் காட்டி, "இத்தனை எடுத்துக் கொடு" என்று கேட்டபோது, நன்றாக எண்ணத் தெரிந்த குழந்தைகளிலும் பலர் ஒரு கை நிறைய அள்ளித்தான் கொடுத்தார்கள். அதன் பின்னர் வந்த ஆய்வுகளும் ஒரு வரிசையை உறுதிப்படுத்தின. குழந்தை முதலில் "ஒன்று" என்பதன் பொருளை மட்டும் அறிகிறது. ஒன்று கேட்டால் ஒன்று தரும், மற்ற எதைக் கேட்டாலும் அள்ளித் தரும். சில மாதங்கள் கழித்து "இரண்டு", மேலும் சில மாதங்கள் கழித்து "மூன்று". அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டி, எண்ணுவதன் பொருள் விளங்கி, ஐந்து கேட்டாலும் ஆறு கேட்டாலும் எண்ணி எடுத்துத் தரத் தொடங்குகிறது. ஆகவே மூன்றைக் கேட்பதற்கு முன்னால் நாளை ஒன்றையும் பிறகு இரண்டையும் கேட்டுப் பாருங்கள். அவன் நிற்கும் இடம் தெரிந்துவிடும். அதற்கு அடுத்த ஓர் எண்ணைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

விளையாட்டுக்கு வருகிறேன். என் வகுப்பில் நான் மிகவும் விரும்பும் பொருள் இட்லித் தட்டு. நான்கு குழிகள் உள்ள ஒரு தட்டையும் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம் பழங்களையும் கொடுத்து, "ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை உட்கார வை" என்று சொல்வேன். முதலில் ஒரே குழியில் இரண்டு மூன்றைத் திணிப்பார்கள். ஒரு குழி காலியாக இருப்பது கண்ணில் பட்டதும் தாமாகவே எடுத்து மாற்றுவார்கள். பிழையைத் தட்டே காட்டிக் கொடுத்துவிடுவதால் நாம் "தவறு" என்று சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. இதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழிக்கு ஒரு பழம் என்று பொருத்தும் அந்தக் கைப்பழக்கமே பின்னாளில் ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்தும் பழக்கமாக மாறுகிறது. இரண்டு வாரம் எண்ணாமலேயே விளையாடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் மட்டும் எண்ணிக் காட்டுங்கள்: "இங்கே மூன்று பழம் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று பழம்." அளவைச் சொல்லி, உடனே அதே பொருள்களை எண்ணிக் காட்டுவது, வெறுமே எண்ணிக் காட்டுவதைவிடக் குழந்தைகளுக்கு மிகுதியாக உதவுகிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வும் கண்டது. கேள்வி கேட்காதீர்கள், கொஞ்ச காலத்துக்குச் சொல்வது மட்டுமே உங்கள் பங்கு.

வெட்டுத் துணிகள் உங்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் வகுத்த நிறப் பலகைகளின் முதற்பெட்டியில் மொத்தமே ஆறு பலகைகள்தான்: சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று இணைகள். அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, பல ஆண்டுகள் இங்கேயே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். நீங்கள் உள்ளங்கை அகலத்தில் சிவப்பில் இரண்டு, நீலத்தில் இரண்டு, மஞ்சளில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றில் ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு, மற்றதை அவன் கையில் கொடுத்து, "இதன் துணை எங்கே?" என்று கேளுங்கள். நிறத்தின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண் முதலில் பொருத்தட்டும், நாக்கு பிறகு வந்து சேரும். பெயர் சொல்லித் தரும்போதும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. "இது சிவப்பு" என்று காட்டுவது முதல் படி, "சிவப்பை எடுத்துக் கொடு" என்பது அடுத்தது, "இது என்ன நிறம்?" என்று கேட்பது கடைசி. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியிலிருந்தே தொடங்கிவிடுகிறோம்.

மறுமொழி 2: குழந்தைகள் நலச் செவிலியர்

ஆசிரியை அம்மா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் எலுமிச்சம் பழத்தில் மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கான பொம்மைகளில் சிறு பாகங்கள் உள்ளனவா என்று சோதிக்க 3.17 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதுமாக அடங்கும் பொருள் எதுவும் அந்த வயதுக் குழந்தைக்கு ஆகாது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டமே 2.7 செ.மீ. தான் என்பதால், நாணயங்களை எண்ணக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. உருண்டையான பொருளுக்கு அளவு இன்னும் கண்டிப்பானது. பந்து போன்ற உருண்டை தொண்டையை முழுவதுமாக அடைத்துவிடும் என்பதால், அமெரிக்கப் பொம்மை விதிகள் 4.44 செ.மீ.க்குக் குறைந்த பந்துகளை இந்த வயதுக்கு அனுமதிப்பதில்லை. சந்தையில் நாம் வாங்கும் நாட்டு எலுமிச்சை பல நேரம் அதைவிடச் சிறியது. அதற்குப் பதிலாகப் பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, அல்லது உங்களிடமிருக்கும் துணியையே இறுக்கிச் சுருட்டித் தைத்த பெரிய உருண்டைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

புளியங்கொட்டை, நிலக்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, மணிகள், பொத்தான்கள் ஆகியவற்றை எண்ணக் கொடுக்கலாம் என்று பலர் அன்போடு சொல்வார்கள். மூக்கில் போட்டுக்கொண்ட பயறு ஈரத்தில் ஊறிப் பெருத்த பிறகு வருகிற குழந்தைகளையும், மூச்சுக் குழாய்க்குள் கடலை போன குழந்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மார்களின் முகத்தை மறக்க முடிவதில்லை. இவற்றைவிடவும் அஞ்ச வேண்டியது குன்றிமணி. பல்லாங்குழிக்கு நாம் எடுக்கும் மஞ்சாடி விதை முழுவதும் சிவப்பாக இருக்கும். குன்றிமணி அதைவிடச் சிறியது. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது. பார்க்க அழகான அந்த விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தை இருக்கும் வீட்டில் அதை விளையாட்டுக்கு மட்டுமல்ல, பிள்ளையாருக்குக் கண் வைத்த மிச்சமாகக்கூட வைத்திருக்க வேண்டாம். பொம்மைகளிலிருந்து கழன்று விழும் வட்ட மின்கலங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கைப்பேசியைப் பற்றி உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் அமர்ந்தபடி திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. இரண்டு வயதுக்குக் கீழ் உறவினரோடு எப்போதாவது காணொலியில் பேசுவதைத் தவிர வேறு திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. நீங்கள் இப்போது எடுத்திருக்கும் முடிவு இவற்றோடு ஒத்துப்போகிறது; கடந்ததை நினைத்து உறக்கம் கெடுவதால் யாருக்கும் பயனில்லை.

எண்ணத் தெரியாததற்காக இந்த வயதில் மருத்துவரைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமல் இருப்பது, எளிய சொல்லைக் கேட்டுச் செய்யாமல் இருப்பது போன்றவை தென்பட்டால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவற்றுள் எதுவும் உங்கள் மகனிடம் இல்லை.

மறுமொழி 3: தமிழாசிரியர், மூன்று வயது மகளின் தந்தை

உங்கள் பதிவைப் படித்ததும், சென்ற ஆண்டு என் மகளிடம் நான் கவனித்த ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது. அது மொழியைப் பற்றியது.

"ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணச் சொல்லித் தருகிறோம். ஆனால் பேசும்போது "ஒன்று பழம்" என்று நாம் சொல்வதில்லை; "ஒரு பழம்" என்றுதான் சொல்கிறோம். ஆட்களைச் சொல்லும்போது "இரண்டு அத்தை" என்று சொல்லாமல் "இரண்டு பேர்" என்கிறோம். எண்ணும்போது கேட்கும் சொல்லும் பொருளோடு சேர்ந்து வரும் சொல்லும் ஒன்றுதான் என்பதைக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. என் மகள், "ஒரு இட்லி வேண்டுமா, இரண்டு இட்லி வேண்டுமா?" என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வாள், "தட்டில் ஒன்று வை" என்றால் விழிப்பாள். அதைக் கண்டபிறகு, "ஒரு இட்லி வைத்தேன், ஒன்று. இன்னொரு இட்லி வைத்தேன், இரண்டு. இரண்டு இட்லி" என்று இரண்டு வடிவத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லத் தொடங்கினோம், சில வாரங்களிலேயே அந்த விழிப்பு மறைந்தது.

இன்னொன்று, பன்மை. "ஒரு பழம், மூன்று பழம்" என்று அஃறிணைப் பெயரை மாற்றாமலே பேச நம் மொழி இடம் தருகிறது. ஆங்கிலத்தில் ஒன்றைத் தாண்டினால் பெயர்ச்சொல்லின் வடிவமே மாறிவிடும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு ஆங்கிலம், ரஷ்ய மொழி, ஜப்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஒப்பிட்டது. ஒருமை பன்மை வேறுபாட்டைக் கட்டாயமாக்காத ஜப்பானிய மொழிக் குழந்தைகளுக்கு "ஒன்று", "இரண்டு", "மூன்று" என்பவற்றின் பொருள் சற்றுத் தாமதமாகவே விளங்கியது. அந்த ஆய்வில் தமிழ் இல்லை; எனவே நமக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வீட்டில் பேசும்போது, "பழங்கள்", "செருப்புகள்" என்று பன்மையை அழுத்திச் சொல்வதில் இழப்பொன்றும் இல்லை என்பதால் நாங்கள் அப்படியே செய்து வருகிறோம்.

அதற்கு ஈடாகத் தமிழ் பெரியதொரு வசதியையும் தருகிறது. பத்தைத் தாண்டியதும் பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்று பத்தும் ஒன்றும், பத்தும் மூன்றும் என்ற கூட்டல் அந்தப் பெயருக்குள்ளேயே நிற்கிறது. இருபது என்பது இரண்டு பத்து. ஆங்கிலத்தில் "லெவன்", "ட்வெல்வ்" என்ற பெயர்களில் குழந்தையின் காதுக்குப் பத்து கேட்பதில்லை. ஆகவே வீட்டில் எண்ணும் மொழி ஒன்றாகவே இருக்கட்டும், அது தமிழாக இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகளை ஒப்பிக்கச் செய்து பெருமைப்படுவதைவிட, ஒரு மொழியில் மூன்று என்பதன் பொருளை அவன் கையில் உணர்வது மேலானது. பொருள் விளங்கிய பிறகு இன்னொரு மொழியில் பெயரை மாற்றிக்கொள்ளக் குழந்தைக்கு அதிக நாள் ஆகாது.

பாடம் என்று தனியாக உட்கார வைக்காமல், கண்ணில் படும் மூன்றுகளைச் சேர்த்துக் காட்டுங்கள். உடைக்கும் முன் தேங்காயின் மூன்று கண்களை அவன் விரலால் தொடட்டும். நுங்கு வெட்டும்போது அதிலும் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். கோயிலில் வில்வம் கிடைத்தால் ஒரு காம்பில் மூன்று இலைகள். மூன்று வரையிலான அளவை எண்ணாமலே ஒரு பார்வையில் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு உண்டு. "மூன்று" என்ற சொல் அந்தப் பார்வையோடு சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒற்றை அடுக்குச் செம்பருத்தியின் ஐந்து இதழ்களை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 4: திருநெல்வேலிப் பாட்டி

மகளே, எனக்கு ஆய்வுகள் எதுவும் தெரியாது. நான்கு பேரப் பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிள்ளைக்குப் பங்கு வைக்கக் கற்றுக் கொடு. மாலையில் முறுக்கோ அதிரசமோ எடுக்கும்போது தாத்தாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று அவன் கையாலேயே தட்டுகளில் வைக்கச் சொல். ஒருவருக்குக் குறைந்தால் அந்த ஆளே, "எனக்கு எங்கே?" என்று கேட்டுவிடுவார், பிள்ளை ஓடிப் போய் எடுத்து வருவான். என் கடைசிப் பேரன் சாப்பிட உட்காருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து இலை போட்டுத்தான் ஐந்து வரை படித்தான். துவைத்த துணி மடிக்கும்போது காலுறைக்கு இணை தேடுவதும், வாசலில் கிடக்கும் செருப்புகளை அவரவர் இணையோடு சேர்த்து வைப்பதும், தூக்குச் சட்டிகளுக்கு மூடி பொருத்துவதும் அவனுடைய வேலை என்று விட்டுவிடு. மெதுவாகத்தான் செய்வான், அவசரப்பட்டு நீ பிடுங்கிச் செய்துவிடாதே.

கேட்டவரின் தொடர்ச்சி: திருப்பூர்த் தாய் (நான்கு வாரங்களுக்குப் பிறகு)

நீங்கள் அனைவரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாளே ஒன்றும் இரண்டும் கேட்டுப் பார்த்தேன். ஒரு வெங்காயம் கேட்டபோது ஒன்றை எடுத்து வந்தான். இரண்டு கேட்டபோது கூடையையே இழுத்து வந்தான். ஆசிரியை அம்மா சொன்ன அதே இடத்தில்தான் நிற்கிறான் என்று தெரிந்ததும் என் பாரம் பாதி குறைந்தது. மூன்று வாரம் எதையும் கேட்கவில்லை. காலையில் மாவு ஊற்றும் முன் காலித் தட்டில் வெங்காயங்களை உட்கார வைப்பது அவனுடைய வேலையாகிவிட்டது. இப்போது தட்டைப் பார்த்தாலே கூடையிடம் ஓடுகிறான். மாமனார் மாலையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் பங்கு வைக்கும் வேலையும் நடக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை, நான் கேட்காமலேயே இரண்டு முறுக்கை இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு வந்து, "இரண்டு முறுக்கு, தாத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று" என்றான். எண்ணவில்லை; பார்த்த மாத்திரத்தில் சொன்னான். நான் வேலையை விட்டுவிட்டுச் சிறிது நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணித் துண்டுகளில்தான் ஒரு குழப்பம். மூன்று நிறங்களை இணை சேர்ப்பது இரண்டே நாளில் வந்துவிட்டது. பச்சையும் வெள்ளையும் சேர்த்துப் பத்துத் துண்டுகள் ஆக்கினேன், அதுவும் வந்தது. அதற்குப் பிறகு திடீரென்று சிவப்போடு நீலத்தையும், மஞ்சளோடு வெள்ளையையும் சேர்த்து இரண்டு குவியல்களாக வைக்கத் தொடங்கினான். திருத்தினால் கோபப்படுகிறான். தெரிந்ததை மறந்துவிட்டானோ என்று மறுபடி பயந்தேன். நேற்று இரவு அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. ஒரு குவியலில் இருந்தவை எல்லாம் வழவழப்பான பனியன் துணி. மற்றொன்றில் இருந்தவை எல்லாம் கழுத்துக்கும் கைக்கும் வைக்கும் வரி வரியான ரிப் துணி. அவன் அப்படித்தான் பிரித்தானா, அல்லது தற்செயலாக அமைந்ததா? அப்படியே பிரித்திருந்தால் நான் திருத்த வேண்டுமா? விளையாட்டுப் பள்ளியில் எண் வடிவங்களைக் கேட்டதற்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு அட்டைகள் வாங்கலாமா?

மறுமொழி 5: மழலையர் வகுப்பு ஆசிரியை, கோவை

சகோதரி, முறுக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது.

துணியைத் திருத்த வேண்டாம். தற்செயலா இல்லையா என்று அறிய எளிய வழி இருக்கிறது: அவன் பார்க்காத புதிய நிறத்தில் பனியன் துணி ஒன்றையும் ரிப் துணி ஒன்றையும் வெட்டிக் கையில் கொடுங்கள். தடவிப் பார்த்து அந்தந்தக் குவியலில் சரியாகச் சேர்த்தால், அவன் விரலால்தான் பிரித்திருக்கிறான் என்று பொருள். நீங்கள் கற்றுக் கொடுத்தது நிறம். அவனாகக் கண்டெடுத்தது துணியின் தன்மை. ஒரே பொருள்களை ஒருமுறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் பிரிக்கலாம் என்ற அறிவு இந்த வயதில் எளிதில் வருவதில்லை. என் வகுப்பில் நான்கு வயதுப் பிள்ளைகளும் தாம் பிடித்த ஒரு விதியை விட முடியாமல் திணறுவதைப் பார்க்கிறேன். "இவை எல்லாம் வழவழப்பு, இவை எல்லாம் சொரசொரப்பு" என்று அவன் செய்ததற்கு நீங்கள் பெயர் மட்டும் கொடுங்கள். சில நாள் கழித்து, "இன்று நிறம் பார்த்து வைப்போமா?" என்று நீங்களும் பக்கத்தில் அமர்ந்து தொடங்கினால் மாறி வருவான். மாறாவிட்டாலும் குறையில்லை.

எண் வடிவங்களுக்கு இப்போது அவசரம் இல்லை. பள்ளியில் எழுதி அனுப்பியவர்களும் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள் என்றாலும், மூன்று என்பதன் அளவு கைக்குள் வராத பிள்ளைக்கு 3 என்ற கோடு வெறும் படம்தான். அட்டைகளுக்குச் செலவு செய்ய வேண்டாம். மாண்டிசோரி முறையிலும் எண் வடிவங்களைத் தனியாகத் தொங்க விடுவதில்லை. பத்து செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை நீளும் பத்து எண் கோல்களைத் தூக்கி, அடுக்கி, தொட்டு எண்ணிப் பழகி, உப்புத்தாளில் வெட்டிய வடிவங்களை விரலால் வரைந்து உணர்ந்த பின்னரே இரண்டையும் ஒன்று சேர்க்கிறார்கள். அதுவும் நான்கு வயதை ஒட்டித்தான். அந்த வயது வரும்போது வாசலில் கோலமாவால் நேர்வரிசையாகப் பத்துக் கட்டங்கள் வரைந்து, ஒன்று முதல் பத்து வரை எழுதி, ஒவ்வொரு கட்டமாகத் தாவி எண்ணி விளையாடுங்கள். நேர்கோட்டில் எண்கள் எழுதிய பலகையில் காய் நகர்த்தி விளையாடிய நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எண்ணறிவு கூடியதாகவும், நிறங்கள் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை என்றும் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பள்ளியில் கேட்டால், "இப்போது இரண்டு வரை பொருளோடு தெரிகிறது, மூன்றுக்கு வந்துகொண்டிருக்கிறோம்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்றுக்கு எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்கும் அவனுக்கும் மட்டுமே இதுவரை பங்கு வைத்திருக்கிறான். இனி நீங்களும் அந்த நேரத்தில் கத்தரிக்கோலை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு அவர்களோடு வந்து உட்காருங்கள். தட்டு மூன்றாக இருக்கட்டும். முறுக்கை அவனே எடுத்து வரட்டும். இரண்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டு உங்கள் காலித் தட்டை அவன் பார்க்கும்போது எதுவும் சொல்லாமல் காத்திருங்கள். அவன் போய் எடுத்து வந்து வைத்த பிறகு, "மூன்று முறுக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.